குளிர்காலம் வருகிறது: பூட்டிய வாடகை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் காவல்

சாஃப்ட்வேர் வேலைக்காக அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம். நம்மவர்கள் பலர் ஊருக்கு லீவு போடுவதும் அப்போதுதான். டிசம்பர் கடைசியில் கிளம்பினால் பொங்கல் முடிந்துதான் திரும்புவார்கள். அதுவரை வீடு பூட்டிக் கிடக்கும். அதைக் காக்க கம்ப்யூட்டரும் செல்போனும் எப்படி உதவும் என்று பார்ப்போம். குளிர் நாட்டில் உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ இருந்தால், அவர்களுக்கும் சொல்லுங்கள்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குழாயின் நடுவே பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்த் திறப்புக்கும் இடையே அழுத்தம் ஏறி, குழாய் பிளக்கிறது. பனி உருகியதும் தண்ணீர் கொட்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் தரை, சுவர், கீழ் வீடு எல்லாம் நாசம். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனதுதான் காரணம் என்றால், வீட்டுக்காரர் அந்தச் செலவை நம்மிடமே கேட்கலாம்.

முதலில் கைவேலை

* ஹீட்டரை அணைக்காதீர்கள். 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். இது சுமார் 13 டிகிரி செல்சியஸ். விண்டோஸ் கால்குலேட்டரிலேயே இந்தக் கணக்கைப் போடலாம்.
* தோட்டத்து ஹோஸைக் கழற்றி வையுங்கள்.
* வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடி அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாய்க்குப் போகும்.
* மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் மூடாதீர்கள். சில வீடுகளில் ரேடியேட்டரில் ஓடும் வெந்நீர்தான் சூடு தருகிறது.

எக்ஸெலில் ஒரு பட்டியல்

நான் நான்கு காலங்கள் போட்டிருக்கிறேன்: வேலை, யார் பொறுப்பு, முடித்த தேதி, போட்டோவின் பெயர். இரண்டாவது காலம்தான் முக்கியம். உதாரணமாக, மினசோட்டா மாநிலச் சட்டப்படி 2024 முதல், அக்டோபர் 1-லிருந்து ஏப்ரல் 30 வரை குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு கிடைக்கச் செய்வது வீட்டுக்காரர் கடமை. ஆகவே ஹீட்டர் ரிப்பேர் அவர் பெயரில் வரும்.

போட்டோவுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். ஃபோல்டரில் அவை தாமாகவே வரிசையாக நிற்கும். பட்டியலையும் போட்டோக்களையும் வீட்டுக்காரருக்கு இமெயிலில் அனுப்பிவிடுங்கள். நாளை பேச்சு வந்தால், அந்த இமெயிலின் தேதியே சாட்சி.

தண்ணீரைக் கண்டதும் சொல்லும் சென்சார்

வைஃபை தெர்மோஸ்டாட் இருந்தால் அறைச் சூட்டைத் திருச்சியில் இருந்தே பார்க்கலாம். கூடவே தண்ணீர்க் கசிவு சென்சார் வாங்குங்கள். அதன் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். தண்ணீர் பட்டு இரண்டும் இணைந்தால் மின்சாரம் பாய்ந்து, செல்போனுக்குத் தகவல் வரும். சிங்க்கின் அடியிலும் வாட்டர் ஹீட்டர் பக்கத்திலும் வையுங்கள். பல சென்சார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே வேலை செய்யும். இணைய மறுத்தால் அதை முதலில் பாருங்கள்.

கரண்ட் போனால்?

2021 பிப்ரவரியில் டெக்சாஸைப் பனி தாக்கியபோது 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக நிறுவனங்களும் மின்சாரம் இழந்தன. பல வீடுகளில் குழாய்கள் வெடித்தன. கரண்ட் போனால் ரௌட்டர் நிற்கும், சென்சாரும் ஊமையாகும். கேஸில் ஓடும் ஹீட்டரின் விசிறிக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் சூடும் நிற்கும். சிறிய யுபிஎஸ் ரௌட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கும், ஹீட்டரைத் தாங்காது. ஆகவே செல்போனில் 'ஆஃப்லைன்' என்று வந்தால் அதையும் அபாய மணியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நான் திருச்சியில் இருந்தபோது பிற்பகலில் அப்படி வந்தது. குளிர்காலத்தில் மினியாபோலிஸ் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே நடு இரவு. நண்பர் எழுந்து போய்ப் பார்த்தார். பிரேக்கர் விழுந்திருந்தது, அறைச் சூடு 49 டிகிரி. பிரேக்கரைத் தூக்கிவிட்டதும் ஹீட்டர் ஓடியது. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் குழாய்க்கு ஆபத்துதான்.

சாவி யாரிடம்?

சென்சார் தகவல் மட்டும்தான் தரும், வால்வை மூட ஆள் வேண்டும். வீட்டுக்காரர் சம்மதத்துடன் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சாவி கொடுங்கள். வால்வையும் பிரேக்கர் பெட்டியையும் போட்டோ எடுத்து, பெயிண்ட் புரோகிராமில் சிவப்பு அம்புக்குறி வரைந்து அவருக்கு அனுப்புங்கள். சென்சார் தகவல் அவருடைய செல்போனுக்கும் போகும்படி அமையுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, சென்சாரின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு செல்போனும் ஒலித்தால், நிம்மதியாகப் பெட்டி கட்டலாம்.