மலைபோல் குவியும் மின்கடிதங்கள்

திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், மணி கட்டிய கோலைக் கையில் ஏந்தி, கடிதப் பையைத் தோளில் சுமந்து, திருவனந்தபுரத்து வீதிகளில் ஓடிவந்த அஞ்சற்காரரை நம் முன்னோர் நன்கு அறிவர். மணியோசை கேட்டதும் வழிப்போக்கர் விலகி இடம் விடுவர். பிரிட்டிஷ் இந்தியாவில் தபால் என்று வழங்கியதற்குத் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அஞ்சல் என்றே பெயர். 1951-ஆம் ஆண்டில் அந்த அஞ்சல் இலாகா இந்தியத் தபால் இலாகாவுடன் இணைந்தது. இலாகா மறைந்தது, சொல் மறையவில்லை. கணிப்பொறி வழியே வரும் கடிதத்தையும் இன்று நாம் மின்னஞ்சல் என்றே அழைக்கிறோம்.

ஓடுபவர் சுமக்கும் பைக்கு ஓர் அளவு உண்டு. மின்னஞ்சலுக்கு அப்படியோர் அளவு இல்லை. பத்து நாள் விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பும் ஓர் உத்தியோகஸ்தரின் பெட்டியில் ஆயிரம் கடிதங்கள் காத்திருப்பது இன்று வியப்பன்று. அவற்றுள் பெரும்பகுதி விளம்பரம். ஒரு பகுதி அறிவிப்பு. ஒரு பகுதி பலரும் பலருக்கு எழுதிக்கொண்ட விவாதம். இவற்றின் நடுவே, இன்று மாலைக்குள் பதில் எழுதாவிட்டால் வாய்ப்பு நழுவிவிடும் என்னும்படியான கடிதம் ஒன்றும் கிடக்கலாம். வைக்கோற் போரில் விழுந்த ஊசியாக அது கண்ணில் படாமற் போனால் நஷ்டம் யாருக்கு? ஆகவே, கடிதத்தைப் பெறுவது எவ்வளவு முக்கியமோ, வந்த கடிதங்களை ஆளத் தெரிவதும் அவ்வளவு முக்கியம்.

பெருந்தொகையான கடிதங்களைப் பிரிக்கும் கலையில் நமக்கு முன்மாதிரி ரயில்வே தபால் ஊழியர்கள். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் நம் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் அது தமிழகத்தையும் கேரளத்தையும் குறிக்கும். 695001 என்றால் திருவனந்தபுரம் தலைமைத் தபால் நிலையம். பிரிப்பவர் உறையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அதில் அச்சிட்ட சித்திரத்தையும் ரசிப்பதில்லை. எண்ணைக் கண்டதும் கை அதற்குரிய அறையை நாடுகிறது. வேண்டியதை மட்டும் பார்ப்பதே அவருடைய வேகத்தின் இரகசியம்.

இதே தத்துவத்தைக் கணிப்பொறியில் கைக்கொண்டவைதாம் எழுத்துவடிவ மின்னஞ்சல் நிரல்கள். படமும் வண்ணப் பொத்தானும் இல்லாத திரையில், ஒரு கடிதத்துக்கு ஒரு வரியாக, தேதி, அனுப்பியவர் பெயர், பொருள் என்று அட்டவணை தெரியும். சுட்டிக்கு இங்கே வேலை இல்லை; எல்லாம் விசைப்பலகைதான்.

இவ்வளவு எளிமை எப்படிப் போதுமானதாகிறது? மின்கடிதம் என்பதே அடிப்படையில் எழுத்துத்தான். 1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பிய நாள்தொட்டு இது மாறவில்லை. கடிதத்தின் தலைப்பகுதியில் அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி ஆகியவை தனித்தனி வரிகளாக நிற்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பிற கடிதங்களிலிருந்து பிரித்தறியும் அடையாளக் குறி ஒன்றும் உண்டு. பதில் எழுதும்போது, எந்தக் கடிதத்துக்கு அது பதில் என்பதை அந்தக் குறியைக் கொண்டே பதிவு செய்கிறார்கள். இணைத்து அனுப்பும் புகைப்படமும்கூட வழக்கமாக எழுத்துகளும் எண்களுமாக மாற்றப்பட்டே பிரயாணம் செய்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1989-இல் பைன் என்ற நிரலை உருவாக்கத் தொடங்கினர். 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் மட் என்பதை எழுதினார். மட் என்றால் கலப்பின நாய். பழைய நிரல்கள் பலவற்றின் நற்குணங்கள் கலந்து பிறந்ததனால் அப்பெயர். அதே 1995-இல், ஆகஸ்டு 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. குறைந்த கட்டணக் கணக்கு வைத்திருந்தோருக்கு அன்று கிடைத்தது எழுத்துத் திரை மட்டுமே. தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக வந்த கடிதங்களை அவர்கள் பைன் போன்ற நிரல்களைக் கொண்டே படித்தார்கள். மெதுவான கம்பிக்கு எழுத்தே ஏற்ற சுமை.

இனி, நம் உத்தியோகஸ்தரின் ஆயிரம் கடிதங்களுக்கு வருவோம். அவர் மட் நிரலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதங்கள் வந்த வரிசையில் நிற்காமல், ஒரு விவாதத்தைச் சேர்ந்தவை மரமும் கிளையும்போல ஒரே கொத்தாக நிற்கும்படி செய்கிறார். முன்சொன்ன அடையாளக் குறிகளைக் கொண்டே நிரல் இந்த உறவைக் கண்டுபிடிக்கிறது. வேண்டாத விவாதம் அறுபது கடிதம் கொண்டதாயினும் அதை ஒரே விசையில் மடித்துவிடலாம். அடுத்து, இன்னாரிடமிருந்து வந்தவை மட்டும், இன்ன தேதிக்கு முந்தியவை மட்டும் தெரியட்டும் என்று கட்டளை இடுகிறார், மற்றவை மறைகின்றன. மிஞ்சியவற்றுக்கு மொத்தமாக அடையாளமிட்டு, ஒரே கட்டளையில் வேறு பெட்டிக்கு மாற்றுகிறார். நீக்கும்படி குறித்தவையும் உடனே அழிவதில்லை; குறி மட்டுமே விழுகிறது. முடிவாக ஒப்புதல் தரும்வரை மனம் மாற இடமுண்டு. அதற்குள் அந்த ஊசி கைக்குக் கிடைத்துவிடுகிறது.

கடிதங்களைச் சேமிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய முறையில் எல்லாக் கடிதங்களும் ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்; எழுதும் நடுவே மின்சாரம் நின்றால் கோப்பு பழுதாகலாம். டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த பிந்திய முறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. வரும் கடிதம் முதலில் தற்காலிக அறையில் முழுவதும் எழுதப்பட்டு, பிறகே புதுக்கடித அறைக்கு மாற்றப்படுகிறது. ஆதலால் அரைகுறைக் கடிதம் எவர் கண்ணிலும் படாது.

2009-இல் கார்ல் வொர்த் தொடங்கிய நாட்மச் என்ற நிரல் மற்றொரு வழி காட்டியது. தபால் அறையில் ஒரு கடிதம் ஓர் அறையில்தான் இருக்க முடியும். ஆனால், ஒரே கடிதம் குடும்பத்தையும் வரியையும் பற்றியதாக இருந்தால் எங்கே வைப்பது? கடிதத்தை அசைக்காமல், வேண்டிய அளவு சீட்டுகளை அதன்மேல் ஒட்டிவிடு என்கிறது இம்முறை. பெரிய நூலின் பின்னே சொல்லடைவு தருவதுபோல, எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் உள்ளது என்பதையும் முன்கூட்டியே தொகுத்து வைக்கிறது. அதனால் பல இலட்சம் கடிதங்களிலும் தேடியது விரைவில் கிடைக்கிறது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கட்டளைகளைப் பழகச் சில நாட்கள் பிடிக்கும். அலங்காரமாக வரும் கடிதம் இங்கே உருக்குலைந்து தோன்றும். நம் மொழிகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. எழுத்துத் திரை சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாக அமைந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான இந்த அமைப்பில் பல திரைகள் தடுமாறி, வரிகள் விலகிப்போகின்றன. மாறாக ஒரு நன்மையும் உண்டு. படங்களின் குறுக்கீடின்றி எழுத்து மட்டும் நிற்பதால், பார்வையற்றோருக்காக அதைக் குரலாகவோ புடைப்பெழுத்தாகவோ மாற்றுவது எளிது.

யாவற்றினும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. நம் கடிதங்கள் யாருடைய காவலில் இருக்கின்றன? இக்கேள்வியோடு திருவனந்தபுரத்துக்குத் தனித்தொடர்பு உண்டு. 2001-ஆம் ஆண்டு ஜூலை 20-இல், ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில்தான் தொடங்கப்பெற்றது. நிரலை எவரும் இயக்கலாம், படித்தறியலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. பைன் நிரலின் கதை இதற்கு நல்ல சான்று. அதன் மூலநிரலை எவரும் காண முடிந்தது. திருத்திய படியைத் தாராளமாக வழங்கத்தான் உரிமம் இடந்தரவில்லை. 2007-இல் அதே பல்கலைக்கழகம் அதை ஆல்பைன் என்ற பெயரில் கட்டற்ற உரிமத்தோடு வெளியிட்டபின், பலரும் அதைச் செம்மைப்படுத்த வழி பிறந்தது. மட் நிரலும் கட்டற்றதே. இத்தகைய நிரல்களைக் கொண்டு கடிதங்களை நம் கணிப்பொறியிலேயே படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். வேறொருவரின் சேவை நின்றாலும், கணக்கு பூட்டப்பட்டாலும், நம் வாழ்நாள் எழுத்துகள் நம்மிடமே இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பாதலால் நம் பேரப்பிள்ளைகளும் அவற்றைத் திறந்து படிக்கலாம்.

எல்லாரும் இன்றே கறுப்புத் திரைக்கு மாறவேண்டும் என்பது நம் கருத்தன்று. நாளுக்குப் பத்துக் கடிதம் பெறுவோருக்கு இது தேவையுமில்லை. ஆனால் வேண்டியதை மட்டும் காண்பது, ஒத்தவற்றை ஒன்றாகத் தீர்ப்பது, படியைத் தம்மிடம் வைப்பது என்ற மூன்றும் எந்த நிரலுக்கும் பொருந்தும். மணிக்கோல் ஏந்தி ஓடியவர் கடிதத்தை வீட்டு வாசல் வரை பத்திரமாகக் கொண்டுவந்தார். வாசலுக்கு வந்ததைத் தொலையாமல் காப்பது, அன்றும் இன்றும், வீட்டாரின் பொறுப்பே.