பயணச் சொற்களும் பரதேசிகளும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மணப்பாறை அமைந்துள்ளது. மாட்டுச் சந்தையாலும் முறுக்காலும் பெயர்பெற்ற இவ்வூர், வழிச்செல்வோரைக் கண்டு பழகிய ஊர். சந்தைக்கு மாடு ஓட்டி வருவோர், வேலை தேடி வெளியூர் செல்வோர், தைத்திங்களில் பழனிக்குக் கால்நடையாய்ச் செல்வோர் எனப் பலரையும் இச்சாலை அறியும். இவர்கள் அனைவரையும் ‘பயணிகள்’ என்னும் ஒரு சொல்லால் குறித்துவிடலாம். ஆயினும், சந்தைக்கு வந்தவர் மாலையில் வீடு திரும்புவார். பழனிக்குச் சென்றவர் நேர்த்திக்கடன் முடித்துத் திரும்புவார். பிழைப்புத் தேடிச் சென்றவரோ திரும்பாமலும் போகலாம். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, ஆங்கில உரைநூல்களில் நாம் காணும் பயணச் சொற்களை ஆராய்தல் அருளுரை ஆற்றுவோர்க்குப் பயன்தரும்.

ஆங்கிலத்தில் இச்சொற்கள் பல. ‘ஜர்னி’ என்பது ஒரு நாள் அளவு என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவே அதன் தொடக்கப் பொருள். ‘டிராவல்’ என்பது உழைப்பு, வேதனை எனப் பொருள்படும் சொல்லின் மறுவடிவம். பிள்ளைப்பேற்றின் வேதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது. ‘வாயேஜ்’ என்பது வழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்து, இன்று பெரும்பாலும் கடற்பயணத்திற்கே வழங்குகிறது. ‘பில்கிரிம்’ என்பதோ ‘பெரெக்ரீனஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதன் பொருள் அயல்நாட்டான் என்பதே. திருத்தலம் நாடிச் செல்வோன் என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருள். இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

கடந்து செல்லுதலைக் குறிக்கும் ‘கிராஸ்’ என்னும் சொல்லிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் சிலுவைக்கும் ஆற்றைக் கடப்பதற்கும் இவ்வொரு சொல்லே வழங்குவதால், இரண்டையும் இணைத்து நயம்பட உரைப்பது எளிது. ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சிலுவையைக் குறிக்கும் ‘ஸ்டவ்ரோஸ்’ என்னும் சொல்லுக்கும் கடத்தலுக்கும் தொடர்பில்லை. நமது ‘சிலுவை’ சீரிய மொழிவழி வந்த சொல்; அதற்கும் அத்தொடர்பில்லை. ஆங்கிலத்தின் சொல்லொற்றுமையைத் திருமறைச் சான்றாகத் தமிழ்ச் சபையில் எடுத்துரைப்பது முறையன்று.

மாறாக, நம் மொழியே மூலத்திற்கு நெருங்கி நிற்கும் இடமும் உண்டு. யோசுவா 3-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கின்றனர். 7:11-இல் உடன்படிக்கையை மீறுகின்றனர். எபிரேயத்தில் இவ்விரண்டிற்கும் ‘ஆபார்’ என்னும் ஒரே வினை நிற்கிறது. தமிழிலும் ஆற்றைக் கடத்தல் உண்டு. ஆணையைக் கடத்தலும் உண்டு. ஆண்டவர் கடக்கச் சொன்ன எல்லையைக் கடந்த மக்கள், அவர் கடவாதே என்ற எல்லையையும் கடந்தனர் என்னும் கருத்து, தமிழில் விளக்கமின்றியே விளங்கும்.

இனி, நம் திருமறையின் இரண்டாம் நூலுக்கு வருவோம். கிரேக்கத்தில் அதன் பெயர் ‘எக்சொதொஸ்’. வெளியேறும் வழி, வெளியேற்றம் என்பது பொருள். நாம் அதனை ‘யாத்திராகமம்’ என்கிறோம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘விடுதலைப் பயணம்’ என்கிறது. இப்பெயர் மாற்றம் சிந்திக்கத்தக்கது. யாத்திரை என்றவுடன் நம் மக்கள் மனத்தில் எழுவது, விரும்பிப் புறப்பட்டு, தலத்தை வணங்கி, இல்லம் திரும்பும் செலவாகும். எகிப்தினின்று புறப்பட்டோர் வணங்கித் திரும்பச் சென்றவர் அல்லர், அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்டவர்கள். திரும்பிச் செல்ல விழைந்தபொழுதெல்லாம் அவர்கள் கண்டிக்கப்பட்டனர். லூக்கா 9:31-இல் ஆண்டவரின் மரணத்தைக் குறிக்க இதே ‘எக்சொதொஸ்’ என்னும் சொல்லே நிற்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘மரணம்’ என்று தருகிறது. பொருள் பிழையன்று, ஆயினும் மீட்பின் நினைவு மறைந்துவிடுகிறது.

பனியன் 1678-இல் வெளியிட்ட நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய காப்பியம் 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெயரால் வெளிவந்தது. ‘யாத்திரிகம்’ என்பதோடு ‘இரட்சணியம்’ என்னும் அடைமொழி நிற்பதால், இது திரும்பிவரும் யாத்திரையன்று என்பது பெயரிலேயே புலனாகிறது. எபிரெயர் 11:15-உம் இதையே வலியுறுத்துகிறது: முற்பிதாக்கள் விட்டு வந்த தேசத்தை எண்ணியிருந்தால் திரும்பிச் செல்ல அவர்களுக்குச் சமயம் கிடைத்திருக்கும்.

அவ்விடத்தில் 13-ஆம் வசனத்தில் வரும் சொற்கள் ‘அந்நியர்’, ‘பரதேசிகள்’ என்பன. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே ‘பில்கிரிம்’ என்றது. 1946-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு அதனை நாடிழந்தோர் என்னும் பொருளுடைய சொல்லாக மாற்றியது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘யாத்திரிகர்’ என்னாது ‘பரதேசிகள்’ என்றது எத்துணைப் பொருத்தம்! பிறதேசத்தான் என்பதே அதன் நேர்ப்பொருள். இன்று அச்சொல் வசைமொழியாயிற்று. ஊரும் உறவும் அற்றவனை இழிவாய் எண்ணும் நம் உள்ளமே அதனை வசையாக்கிற்று.

1 பேதுரு 2:11-இல் ‘பரதேசிகள்’ என்பதோடு இணைந்து நிற்கும் ‘அந்நியர்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘பரொய்க்கோஸ்’ என்னும் சொல் உள்ளது. தனக்கு உரிமையில்லா ஊரில் தங்கி வாழ்பவன் என்பது அதன் பொருள். அவ்வாறு தங்கி வாழ்தலைக் குறிக்கும் ‘பரொய்க்கியா’ என்னும் சொல்லே இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ ஆயிற்று. நாம் ‘சேகரம்’ எனக் குறிப்பது அதுவே. எல்லை வகுத்து, பேரேடு வைத்து, கல்லறைத் தோட்டத்திற்கும் வேலியிட்டுப் பேணும் அமைப்பின் பெயர், ‘அந்நியராய்த் தங்கியிருத்தல்’ என்னும் பொருளில் தொடங்கியது என்பதை நாம் நினைப்பதுண்டோ?

ஆகவே பயணம் பற்றி அருளுரை ஆற்றுமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம். இப்பகுதி கூறும் செலவு திரும்பி வருவதா, திரும்பாததா? செல்வோர் விரும்பிச் சென்றனரா, துரத்தப்பட்டனரா? வழியில் அவர்களை ஏற்றுக்கொண்டவர் யார்? மூன்றாம் வினா நம்மையே நோக்கி வரும். எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து அந்நியனை நேசிக்குமாறு லேவியராகமம் 19:34 கட்டளையிடுகிறது. இன்று தமிழகத்தின் கட்டடப் பணிகளிலும் உணவுவிடுதிகளிலும் வடமாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். நம் மொழி அறியாத அவர்கள் ஞாயிறு காலையில் ஆலய வாயிலைக் கடந்து செல்லும்பொழுது, பேரேட்டில் இல்லாதவர் என்று நாம் வாளாவிருப்போமாயின், சேகரம் என்னும் அமைப்பு நம்மிடம் இருக்கும். அதன் பொருள் நம்மிடம் இராது.