கரை ஒதுங்கிய சோப்பு நுரை

2019 நவம்பர் கடைசியில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை நெடுக வெள்ளை நுரை ஒதுங்கியது நினைவிருக்கிறதா? பஞ்சுப் பொதிபோலக் கிடந்ததை அள்ளிப் பிள்ளைகள் விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். அதில் கலந்திருந்தது நம் வீட்டுச் சோப்புத்தூள். துணி அலசிய தண்ணீர் சாக்கடையில் இறங்குகிறது. சுத்திகரிக்காத கழிவுநீரோடு கூவத்திலும் அடையாற்றிலும் சேர்கிறது. பெருமழையில் ஆறுகள் அத்தனையையும் கடலில் தள்ள, அலை அதை அடித்து அடித்து நுரையாக்கிவிட்டது. மோர் கடைகிற கதைதான்!

நுரை அடங்கிவிடும். தூளில் பாஸ்பேட் இருந்தால், அந்தப் பாஸ்பேட் அடங்காது. தேங்கிய ஏரியில் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் அதுவே உரம். மண்டிய பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும்; மீன்கள் செத்து மிதக்கும்.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நாமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நுரைக்கும் வெளுப்புக்கும் பெரிய சம்பந்தமில்லை. அடுத்த முறை கடையில் பாக்கெட்டைத் திருப்பி, பாஸ்பேட் இல்லாத தூள்தானா என்று பாருங்கள். வீட்டில் ஒரு கரண்டிக்குப் பதில் முக்கால் கரண்டி போட்டுத் துவைத்துப் பாருங்கள். துணி வெளுக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.