நெருப்பைச் சூழ்ந்த குளிர்

சூரியன் எரிவது விறகினாலோ எண்ணெயினாலோ அல்ல. ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஈலியமாக மாறும்போது வெளிப்படும் சக்தியே அதன் ஒளியும் வெப்பமும். வல்ல அல்லாஹ் வானில் ஏற்றிவைத்த அவ்விளக்கின் இரகசியத்தைப் பூமியிலும் பயன்படுத்த முடியுமா என விஞ்ஞானிகள் பல தசாப்தங்களாக ஆராய்ந்து வருகின்றனர். ஜப்பானும் ஐரோப்பாவும் இணைந்து நாக்கா நகரில் அமைத்துள்ள ஜேடி-60எஸ்ஏ என்ற இயந்திரம் அத்தகைய முயற்சிகளுள் ஒன்றாகும்.

இதற்கு வாயுவைப் பத்துக் கோடி பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேற்ற வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. ஆகவே, சுவரில் படாதவாறு காந்த சக்தியால் அதைத் தாங்கிப் பிடிக்கின்றனர். இதற்கென அமைந்த 18 பெருஞ்சுருள்களில் 25,700 அம்பியர் மின்சாரம் பாயும். நம் வீட்டு மின்விசிறிக்கு ஓர் அம்பியர்கூடத் தேவையில்லை!

சாதாரணச் செப்புக் கம்பியில் இவ்வளவு மின்சாரத்தை நீண்ட நேரம் செலுத்தினால் கடும் வெப்பம் உண்டாகும். சில உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்தால் மின்தடை அறவே நீங்கிவிடும் என்பதை 1911இல் ஒல்லாந்து விஞ்ஞானி கமர்லிங் ஒன்னஸ் கண்டறிந்தார். ஆஸ்பத்திரிகளிலுள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் காந்தங்களும் பெரும்பாலும் இம்முறையிலேயே இயங்குகின்றன. நாக்காவின் சுருள்களை ஈலியம் சுமார் -269 பாகையில் வைத்திருக்கிறது.

ஆபத்து ஒரு சிறு புள்ளியில் தொடங்கலாம். சுருளின் ஓரிடம் சற்றே சூடானாலும் அங்கு மின்தடை திரும்பும். தடை வெப்பத்தைத் தரும். வெப்பம் அயலிடத்தையும் கெடுக்கும். எனவே சுருளின் ஒத்த பகுதிகளின் வோல்ட்டளவை ஒப்பிட்டவாறே கருவிகள் காவலிருக்கின்றன. வேறுபாடு நீடித்தால், மின்சாரம் வெளியிலுள்ள தடைகளுக்குத் திருப்பப்பட்டு அங்கே வெப்பமாகக் கழிக்கப்படும். அவ்வேளை உயர் வோல்ட்டளவு எழுமாதலால் மின்காப்பிலும் குறை இருத்தலாகாது.

2021 மார்ச்சில் நடந்த பரிசோதனையின்போது, ஒரு சுருளின் இணைப்பிலிருந்த மின்காப்புக் குறையால் மின்பொறி பாய்ந்து ஈலியம் கசிந்தது. பழுதுபார்த்து, மற்ற இணைப்புகளையும் சோதித்துப் பலப்படுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 2023 ஒக்டோபரிலேயே முதன்முதலாக அதில் பிளாஸ்மா உண்டாக்கப்பட்டது.

சகோதரிகளே! அத்துணை பெரிய இயந்திரத்தை ஓர் இணைப்பின் குறை நிறுத்தி வைத்தது. நம் நஃப்ஸின் நிலையும் இதுவே. கோபமோ பொறாமையோ உள்ளத்தின் ஒரு மூலையில் சூடேறும்போதே அதைக் கண்டு தணிப்பது எளிது. குடும்பம் முழுவதும் பற்றிய பின் தணிப்பதோ கடினம். நாளும் நம்மை நாமே கணக்குப் பார்க்கும் முஹாஸபா அதற்கான காவலாகும்.