சின்ன முள் முதலில், பெரிய முள் பிறகு!



"மணி என்ன?"ன்னு கேட்டா உடனே செல்போனைத் தேடுறோம். போனில் 8:10 என்று எண்ணாகவே தெரியும், படித்துவிடலாம். சுவரில் மாட்டிய முள் கடிகாரத்தைக் காட்டினால் நிறைய பேர் முழிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் வேலையை இந்த வருடம் டீச்சர் எங்கள் வகுப்புக்குக் கொடுத்தார்கள். மதிய இடைவேளையில் நான் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எப்படிச் சொன்னால் புரிகிறது என்று இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் குட்டிகளுக்கு நீங்களும் சொல்லிக் கொடுங்கள்.

தேவையானவை: பழைய நோட்டு அட்டை, வட்டம் வரைய ஒரு தட்டு, குண்டூசி, ஸ்கெட்ச் பேனா.

படி 1: அட்டைக் கடிகாரத்தில் சின்ன முள்ளை மட்டும் குத்துங்கள். பெரிய முள் இப்போ வேண்டாம். சின்ன முள் 4-இல் நேராக நின்றால் நாலு மணி. 4-க்கும் 5-க்கும் நடுவில் நின்றால் நாலரை. 5-ஐ நெருங்கி, ஆனால் தொடாமல் நின்றால் ஐந்து ஆகப் போகிறது என்று அர்த்தம். பார்த்தீர்களா, ஒரு முள்ளை வைத்தே ஏறக்குறைய மணி சொல்லிவிடலாம்!

படி 2: இப்போது பெரிய முள். இதற்கு ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். பெரிய முள் 1-இல் நின்றால் 5 நிமிடம், 2-இல் நின்றால் 10, 3-இல் நின்றால் 15. இப்படியே 12-க்கு வரும்போது 60 நிமிடம், அதாவது ஒரு மணி நேரம். வெளி வட்டத்தில் 5, 10, 15 என்று வேறு நிறத்தில் எழுதி வையுங்கள். நன்றாகப் பழகிய பிறகு அதை அழித்துவிடலாம்.

படி 3: இரண்டையும் சேர்த்துப் படிப்பது. இங்கேதான் எல்லாரும் தடுமாறினாங்க. 7:55-க்குச் சின்ன முள் கிட்டத்தட்ட 8 மேலேயே நிற்கும். "எட்டு அம்பத்தஞ்சு"ன்னு நாலு பேருமே சொன்னாங்க. அதற்கு ஒரு கேள்வி வைத்தோம்: "சின்ன முள் 8-ஐத் தாண்டிடுச்சா?" இன்னும் தாண்டவில்லை என்றால் அது ஏழுதான்.

ஒரு எச்சரிக்கை: அட்டைக் கடிகாரத்தில் பெரிய முள்ளை மட்டும் திருப்பாதீர்கள். நாலரை என்று காட்டும்போது சின்ன முள்ளையும் 4-க்கும் 5-க்கும் நடுவில் தள்ளி வைக்க வேண்டும். நிஜக் கடிகாரத்தில் இரண்டும் சேர்ந்துதான் நகரும்.

அந்த நாலு பேரில் ஒரு தங்கச்சியின் அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க. போனும் அம்மாவோடு போயிடும். வீட்டில் இருப்பது முள் கடிகாரம் மட்டும்தான். தம்பியையும் அவள்தான் கிளப்பி அழைத்து வர வேண்டும். மணி தெரியாததால் லேட் ஆகிடுமோன்னு பயந்து, கேட் திறக்கும் முன்பே தம்பியோடு வந்து வாசலில் நிற்பாள். பாதி நாள் சாப்பிடாமலேயே வந்துவிடுவாள். இரண்டு வாரத்தில் அவள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள். "அக்கா, இப்போ பெரிய முள் 6-க்கு வர்ற வரைக்கும் சாப்பிடுறோம்"னு சொன்னாள். இப்போது பெல் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பேரும் வருகிறார்கள்.

படி 4: எண் கடிகாரம். இரண்டு புள்ளிக்கு இடது பக்கம் மணி, வலது பக்கம் நிமிடம். நாலரை ரூபாயை 4.50 என்று எழுதுவோம். ஆனால் 4:50 என்பது நாலரை மணி இல்லை! ரூபாய்க்கு 100 பைசா, மணிக்கோ 60 நிமிடம். அதனால் நாலரை மணி 4:30, நாலே கால் 4:15, நாலே முக்கால் 4:45. தமிழில் நாலே முக்கால் என்றால் அதில் நாலு இருக்கிறது, எண் கடிகாரத்திலும் 4 இருக்கிறது. ஆங்கிலத்தில் அதையே ஐந்துக்குக் கால் மணி குறைவு என்கிற மாதிரி சொல்வார்கள். அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பழகுவது சுலபம்.

படி 5: ரயில் டிக்கெட்டில் 19:20 என்று போட்டிருக்கும். 12-க்கு மேல் இருந்தால் 12-ஐக் கழியுங்கள். இரவு 7:20. இதில் கவனிக்க வேண்டியது 00:10. இது நள்ளிரவு 12 மணி தாண்டிப் பத்து நிமிடம். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:10 என்று இருந்தால், 14-ஆம் தேதி ராத்திரியே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி போனால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும்! வீட்டில் ஊருக்குக் கிளம்பும்போது டிக்கெட்டை வாங்கி நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போ உங்களுக்கு இரண்டு கேள்வி:

1. எண்கள் போடாத முள் கடிகாரம் ஒன்று 10 மணி காட்டுகிறது. அதைக் கண்ணாடியில் பார்த்தால் எத்தனை மணி போலத் தெரியும்?

2. 4:50-க்கு விளையாட ஆரம்பித்து 5:10-க்கு நிறுத்தினால் எத்தனை நிமிடம் விளையாடினீர்கள்?

(விடை: 1. இரண்டு மணி. 2. இருபது நிமிடம். அறுபது என்று சொன்னவர்கள் படி 4-ஐ மறுபடி படிக்கவும்!)

— எட்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி