புளூடூத்தை அணைக்காதீர்கள்

போனில் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் பலர் முதலில் அணைப்பது புளூடூத்தைத்தான். கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பவர்களுக்கு இது வேண்டாத சிக்கனம். போனில் மிச்சமாவது சொற்பம். வாட்ச்சில் கரைவதோ அதிகம்.

எல்லாம் தூரத்தால் வருவது. மணிக்கட்டுக்கும் சட்டைப்பைக்கும் நடுவே இரண்டு மூன்று அடிதான். அதைக் கடக்க 1 மில்லிவாட் அளவிலான அலையே போதும். அதையும் புளூடூத் ஓயாமல் அனுப்புவதில்லை. 2010-இல் வந்த புளூடூத் 4.0 தரத்தில் மின்சிக்கன முறை ஒன்று சேர்ந்தது. வாட்ச்சும் போனும் முன்கூட்டியே நேரம் பேசி வைத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் இரண்டும் கண் விழித்து, “ஏதாவது உண்டா?” என்று கேட்டு, இல்லையென்றால் அப்படியே தூங்கிவிடும். விழித்திருப்பது சில மில்லிவினாடிகள். தூக்கம் 4 வினாடி வரைகூட நீளலாம்.

இந்த இணைப்பு அறுந்தால் வாட்ச் சும்மா இருக்காது. பழக்கப்பட்ட வைஃபை அருகில் இருக்கிறதா என்று தேடும். அதுவும் இல்லாதபோது, சிம் வசதி இருந்தால், செல்போன் டவரைக் கூப்பிடும். டவர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அவ்வளவு தூரம் எட்ட 4ஜி ரேடியோ 200 மில்லிவாட் வரை சக்தியைக் கூட்டும். ஒரு வரிச் செய்தியை அனுப்பி முடித்த பிறகும், பதில் வருமோ என்று சில வினாடிகள் விழித்தே கிடக்கும். சிக்னல் மெலிந்த மலைப்பாதையில் நிலைமை இன்னும் மோசம்: டவரைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துபோகும். இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டியது 300 மில்லி ஆம்பியர்-மணி அளவிலான குட்டி பேட்டரி. இன்றைய போன்கள் பலவற்றில் இருப்பது 5,000.

2017-இல் சிம் வசதியோடு வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3-க்கு அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். போன் வழியாகப் பேசினால் பேட்டரி 3 மணி நேரம் தாங்கும். 4ஜியில் நேரடியாகப் பேசினால் 1 மணி நேரம்தான். உடற்பயிற்சியை வீட்டுக்குள் பதிவு செய்தால் 10 மணி நேரம், வெளியே ஜிபிஎஸ்ஸுடன் 5, அதோடு 4ஜியும் சேர்ந்தால் 4.

சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது என்று தோன்றினால், முதலில் வாட்ச்சின் திரையைப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச்சில் குட்டி போன் படம் பச்சையாக இருந்தால் இணைப்பு இருக்கிறது. சிவப்பாக இருந்தால் அறுந்துவிட்டது. போனில் புளூடூத் எப்போதும் இயங்கட்டும். டவர் கிடைக்காத ஊருக்குப் போகும்போது வாட்ச்சின் செல்லுலார் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். பேட்டரியைக் குறைசொல்வதற்கு முன் இந்த இரண்டையும் ஒரு வாரம் செய்து பாருங்கள்.