ஊன்றுகோல் பாதிரியார்

முடிவை எதிர்பார்த்தவர்கள்: 9

போன வாரம் நெதர்லாந்தில், டோர்ட் நகரத்துச் சபை மன்றத்தோடு நிறுத்தியிருந்தேன். 1618 நவம்பரில் கூடிய அந்த மன்றம், தேவன் தெரிந்துகொண்டவர்கள் நடுவழியில் தவறி விழுந்தாலும் முடிவில் கைவிடப்பட மாட்டார்கள் என்று 1619-ல் தீர்த்துச் சொன்னது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே, எதிர்த்தரப்புக்குக் காவலாக இருந்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை ஹேக் நகரில் வெட்டினார்கள். பரலோகத்தில் இடம் உறுதியான காலத்தில் பூமியில் கழுத்துக்கு உறுதியில்லை.

அன்றைக்கு இரட்சிப்பின் உறுதி ஒரு கேள்வி, உலக முடிவு வேறொரு கேள்வி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாரும் அவசரப்படவில்லை. பைபிளின் பெரும்பாலான புத்தகங்களுக்கு உரை எழுதிய கால்வின், வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதாமல் விட்டுவிட்டார். இன்று பிரதரன் சபைக் கூட்டமொன்றில் போய் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே பிரசங்கத்தில் வந்துவிடும். ஒருமுறை பெற்ற இரட்சிப்பை எவனாலும் பறிக்க முடியாது என்று தொடங்குவார் பிரசங்கியார். இன்றிரவு எக்காளம் தொனித்தால் நீ எடுத்துக்கொள்ளப்படுவாயா, விட்டுவிடப்படுவாயா என்று கேட்டு முடிப்பார். கேட்பவர் ஆறுதலோடு வீட்டுக்குப் போவதா, பயத்தோடு போவதா? இந்த முடிச்சு விழுந்த இடத்தை ஓரளவு துல்லியமாகவே காட்ட முடியும். அயர்லாந்தில் 1827-ஐ ஒட்டி, குதிரையிலிருந்து விழுந்து படுத்துக் கிடந்த ஒரு வாலிபக் குருவின் படுக்கை அது.

ஜான் நெல்சன் டார்பி 1800-ல் லண்டனில் பிறந்தவர். அயர்லாந்தில் நிலபுலன் உள்ள குடும்பம். தந்தையின் சகோதரர் நைல் கடற்போரில் நெல்சனுக்குக் கீழ் ஒரு போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். நடுப்பெயர் அந்த வழியில் வந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கி, சட்டம் படித்து, வக்கீல் தொழிலைத் தொடங்கும் முன்பே உதறிவிட்டு ஆங்கிலிகன் குருவானார். விக்லோ மலைப்பகுதியில் ஏழைகள் நடுவே ஒரு குடிசையில் தங்கி, இரவு வெகுநேரம்வரை மலைக்குடிசைகளில் ஏறி இறங்கினார். கடும் நோன்பு, கந்தல் உடை. சுற்றியிருந்த கத்தோலிக்க விவசாயிகள் அவரைத் தங்கள் பழைய புனிதர்களில் ஒருவராகவே பார்த்தார்கள்.

அந்தக் கத்தோலிக்கர்களில் பலர் அப்போது புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். டப்ளின் பேராயர் மகீ குறுக்கே வந்தார். மாறி வருகிறவர்கள் இங்கிலாந்து மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார். வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். டார்பி கொதித்துப்போனார். சபை கிறிஸ்துவின் உடல் என்றால் அதன் வாசலில் மன்னருக்கு என்ன வேலை? அவர் பின்னால் கட்டிய இறையியல் மாளிகையின் அஸ்திவாரத்தில் இந்தக் கோபம் கிடக்கிறது என்பது என் எண்ணம். சபை பூமிக்குரியதல்ல, பரலோகத்துக்குரியது என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதன் முதல் பொருள் அரசியல்தான்.

விபத்து நடந்தது இதை ஒட்டித்தான். கால் மோசமாக அடிபட்டு டப்ளினில் சகோதரியின் வீட்டில் தங்கினார். வேறு வேலையில்லை, பைபிள் மட்டும் கையில். எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், விசுவாசிகள் ஏற்கெனவே கிறிஸ்துவோடு உன்னதத்தில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற கருத்து அவரைப் பிடித்து நிறுத்தியது. நோன்பாலும் உழைப்பாலும் தன் பரிசுத்தத்தை அளந்து அளந்து சோர்ந்திருந்தவருக்கு அது பெரிய விடுதலை. கிறிஸ்து எங்கே இருக்கிறாரோ அங்கே நான் ஏற்கெனவே இருக்கிறேன். அவரை அங்கிருந்து இறக்க முடியாதென்றால் என்னையும் இறக்க முடியாது. டோர்ட் மன்றம் தேவனுடைய ஆதித் தீர்மானத்திலிருந்து எடுத்த உறுதியை, டார்பி பரலோகத்தில் தனக்கிருக்கும் இடத்திலிருந்து எடுத்தார்.

அதே படுக்கையில் ஏசாயா 32-ஆம் அதிகாரத்தையும் வாசித்தார். நீதியான ராஜா ஒருவர் பூமியை ஆளும் காலத்தைப் பற்றிய அதிகாரம் அது. இந்த வாக்குறுதியில் மண் இருக்கிறது, வயல் இருக்கிறது, பட்டணம் இருக்கிறது. இது சபைக்குச் சொன்னதாக இருக்க முடியாது. யூத ஜனத்துக்குச் சொன்னது, இன்னும் நிறைவேறவில்லை என்று முடிவு செய்தார். அப்படியானால் தேவனுக்கு இரண்டு ஜனங்கள். பூமிக்குரிய இஸ்ரவேல், பரலோகத்துக்குரிய சபை. இரண்டுக்கும் தனித்தனி வாக்குறுதி, தனித்தனிக் கணக்கு.

மீதி எல்லாம் இதிலிருந்து சட்டவாதம்போல விரிந்தது. வக்கீல் படிப்பு வீண்போகவில்லை. தானியேல் புத்தகத்தின் எழுபது வாரங்களில் அறுபத்தொன்பது முடிந்துவிட்டன. யூதர்கள் மேசியாவைத் தள்ளியபோது கடிகாரம் நின்றது. நின்ற கடிகாரத்துக்கு நடுவே வந்த இடைவெளிதான் சபையின் காலம். கடைசி வாரம், அதாவது ஏழு ஆண்டுகள், பாக்கி. அந்திக்கிறிஸ்துவும் மகா உபத்திரவமும் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் வரும். அது இஸ்ரவேலின் கணக்கு. பரலோகத்துக்குரிய சபைக்கு அதில் வேலையில்லை என்பதால், கடிகாரம் மறுபடி ஓடும் முன்பே அது எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். தெசலோனிக்கேயர் முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவதாகச் சொல்லப்படுவது இதுதான் என்றார் டார்பி. நாம் இரகசிய வருகை என்று சொல்வது இதைத்தான்.

ஒரு நல்ல பலனும் இதில் இருந்தது. சபையின் காலத்தில் கடிகாரமே ஓடவில்லை என்றால் தேதி குறிக்க முடியாது. அந்தக் காலத்தில் தேதி குறிக்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1798-ல் பிரெஞ்சுப் படை ரோமுக்குள் புகுந்து போப் ஆறாம் பயஸைச் சிறைபிடித்ததிலிருந்து, தானியேலின் நாட்களை ஆண்டுகளாக மாற்றிக் கூட்டிக் கழிக்காத பிரசங்கிமார் பிரிட்டனில் குறைவு. அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர் 1844-ஐ எட்டியதும் இந்தக் கணக்கில்தான். டார்பி கடைசிவரை ஒரு தேதியும் சொல்லவில்லை. வருகை எந்த நேரமும் நடக்கலாம் என்பதோடு நின்றுகொண்டார். மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-ல் ஏமாந்தது போல டார்பியின் ஆட்கள் ஒருநாளும் ஏமாறவில்லை. ஏமாற நாள் இருந்தால்தானே.

டப்ளின் வீட்டில் அந்த நாட்களில் இன்னொரு இளைஞர் இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி ஃபிரான்சிஸ் நியூமன். பின்னால் கத்தோலிக்கக் கர்தினாலான ஜான் ஹென்றி நியூமனின் தம்பி. ஊன்றுகோலில் சாய்ந்து, முகச்சவரம்கூடச் செய்யாமல், ஒட்டிய கன்னத்தோடு வரவேற்பறையில் வந்து நின்ற டார்பியை முதலில் பரிதாபமாகத்தான் பார்த்ததாக எழுதியிருக்கிறார். சில நாட்களிலேயே அவருடைய பிடிக்குள் முழுசாக விழுந்துவிட்டார். தன் புத்தியை இன்னொருவரிடம் அடகு வைத்ததுபோல ஆனதைப் பின்னால் வியப்போடு நினைத்துப் பார்க்கிறார். 1830-ல் நியூமன் பாக்தாதுக்குக் கிளம்பினார். அங்கே அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல் மருத்துவர், எக்ஸிட்டர் நகரில் நல்ல வருமானத்தை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1831-ல் பாக்தாதை வாரிக்கொண்டு போன கொள்ளைநோயில் குரோவ்ஸின் மனைவி மேரி இறந்தார். நியூமன் இங்கிலாந்துக்குத் திரும்பினார். திரித்துவத்தில் சந்தேகம், பிறகு வேதத்தில் சந்தேகம். 1850-ல் ‘ஃபேசஸ் ஆஃப் ஃபெய்த்’ என்ற புத்தகத்தில், மரபான கிறிஸ்தவத்தைப் படிப்படியாக விட்ட கதையை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். டார்பியைப் பற்றிய அந்தச் சித்திரம் இருப்பது இந்தப் புத்தகத்தில்தான்.

இப்போது நியூமனின் நிலை என்ன? இரட்சிப்பை இழந்துவிட்டாரா? இழக்க முடியாது என்பது கொள்கை. அப்படியானால் அவர் முதலிலேயே இரட்சிக்கப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டோர்ட் தரப்பும் இதே பதிலைத்தான் சொல்லும். கொள்கைக்குள் இந்தப் பதிலில் ஓட்டை கிடையாது. ஆனால் வாழ்க்கையில் இது உறுதியின் வேரைத் தின்கிறது. பாக்தாத் கிளம்பிய நாளில் நியூமனைப் பார்த்தவர் எவரும் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகித்திருக்க மாட்டார். அந்த விசுவாசம் போலியாக இருந்திருக்கலாம் என்றால், என்னுடையது அசல் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? பழைய நாட்களில் இந்தக் கேள்விக்கு மரணப்படுக்கைவரை தவணை இருந்தது. எந்த நேரமும் வருகை என்றதும் தவணை ரத்தாகிவிட்டது. ஆறுதலுக்காகப் பிறந்த போதனை தினசரிப் பரீட்சையாக மாறியது இங்கேதான்.

இது நானாகக் கண்டுபிடித்த குறை அல்ல. டார்பியைச் சுற்றி உருவான பிரதரன் சபைக்குள்ளேயே உடனே தெரிந்துவிட்டது. பிளிமத் சபையின் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன், சபையும் உபத்திரவத்தைக் கடந்துதான் போகும் என்றார். டார்பி 1845-ல் அங்கே போட்டிக் கூட்டம் நடத்தினார். 1848-ல் பிரிஸ்டலில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரின் பெத்தேஸ்தா சபையையும் ஒதுக்கிவைத்தார். பிரதரன் சபை திறந்தவர்கள், மூடியவர்கள் என்று இரண்டாக உடைந்தது. தேவனுடைய கையிலிருந்து ஒருவனையும் பறிக்க முடியாது என்று நம்பியவர்கள், அப்பம் பிட்கும் மேசையிலிருந்து ஒருவரையொருவர் விலக்கினார்கள். குரோவ்ஸ் இதை முன்பே உணர்ந்திருந்தார். ஒரே ஜீவன் உள்ளவர்கள் என்பதற்காகச் சேர்ந்த கூட்டம், ஒரே கருத்து உள்ளவர்களின் கூட்டமாகச் சுருங்கப் போகிறது என்ற கருத்தில் 1836-லேயே டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

நார்விச் நகரின் ராபர்ட் கோவெட் வேறொரு வழி கண்டார். இரட்சிப்பு என்றென்றைக்கும் உறுதி, ஆனால் இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்படுவது விழித்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் பரிசு என்றார். தூங்கும் விசுவாசி நரகத்துக்குப் போகமாட்டான், உபத்திரவத்தில் விடப்படுவான். மற்றவர்கள் சொல்லத் தயங்கியதை கோவெட் வெளிப்படையாகச் சொன்னார் என்றே நினைக்கிறேன். பயம் எங்கும் போய்விடவில்லை, நரகத்திலிருந்து உபத்திரவத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டார்பி 1862 முதல் பலமுறை அங்கே போனார். அவருடைய கடைசிக்காலப் போதனையை அமெரிக்கப் போதகர்கள் வாங்கிக்கொண்டார்கள். சபையை விட்டு வெளியே வா என்ற அழைப்பைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வக்கீலாக இருந்த சைரஸ் ஸ்கோஃபீல்டு 1909-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியே கொண்டுவந்த குறிப்புப் பைபிளில், வசனமும் டார்பி வழிவந்த விளக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தன. வாசகர்களுக்கு எது எது என்ற வேறுபாடு மங்கியது. 1972-ல் வந்த ‘எ தீஃப் இன் தி நைட்’ படத்தின் கதாநாயகி காலையில் எழுந்தால் கணவர் இல்லை. முகம் கழுவும் தொட்டியில் அவருடைய மின் சவரக்கருவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் நாத்திகி இல்லை, தன்னைக் கிறிஸ்தவளாகவே நினைத்திருந்தவள். படத்தின் பயங்கரமே அதுதான். பெந்தெகொஸ்தே வீடுகளில் வளர்ந்த பலர் இதே காட்சியைத் தங்கள் வார்த்தைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பள்ளிவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும், அடுப்பில் உலை கொதிக்கும், அம்மாவைக் காணோம். வருகை நடந்துவிட்டது என்று வாசலில் நின்று அழுத பிள்ளைகள். பெந்தெகொஸ்தே சபைகளில் பல, ஒருமுறை இரட்சிப்பு என்றென்றைக்கும் இரட்சிப்பு என்பதை ஏற்பதில்லை. இரகசிய வருகையை மட்டும் எடுத்துக்கொண்டன. டார்பி மருந்தும் நோயும் சேர்த்துக் கொடுத்தார் என்றால், இவர்கள் மருந்தை விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு இது வந்த வழி பாக்தாத் வழி. மனைவியை இழந்த குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவரோடு சேர்ந்தார். சம்பளமில்லாத ஊழியம், பட்டமில்லாத போதகர் என்ற குரோவ்ஸின் முறையை அன்றைய திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கி நடத்திக் காட்டியவர் அவர். 1860-ல் அங்கே எழுப்புதல் வந்தது. அழுகை, தரிசனம், தீர்க்கதரிசனம், அன்னிய பாஷை. அப்போஸ்தலர் காலத்தோடு இதெல்லாம் நின்றுவிட்டது என்று சொல்லும் டார்பி வழி பிரதரன்களுக்கு இது தர்மசங்கடம். அருளப்பனின் நாட்குறிப்புகளை ஆங்கிலத்தில் புத்தகமாக்கி 1939-ல் வெளியிட்டவர் ஜி. எச். லாங். அவரும் பிரதரன்தான், ஆனால் கோவெட் கட்சி: விழித்திருப்பவர்களே முதலில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று நம்பியவர்.

எழுப்புதல் திருநெல்வேலியோடு நிற்கவில்லை. எழுபதுகளில் திருவிதாங்கூரில் பற்றிக்கொண்டபோது அதன் நடுவில் இருந்தவர், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிகன் குருவாகி, மலையாளத்தில் கீர்த்தனைகள் இயற்றிய யூஸ்துஸ் யோசேப்பு. டார்பி கவனமாகத் தவிர்த்ததை அவருடைய கூட்டம் தவிர்க்கவில்லை. கிறிஸ்து ஆறு ஆண்டில், 1881-ல் வருவார் என்று நாள் குறித்தார்கள். 1881 வந்தது, போனது. கூட்டம் கலையாமல் யுயோமயம் என்ற பெயரில் தனிச் சபையாக நின்றது. அது எப்படி நின்றது என்பது அடுத்த வாரம்.